உன் தாத்தா புறக்கோட்டையில் துணி விற்றவர்

ராசா,

போன மாதம் நம் பேத்துப்பாறைப் பெண்களோடு வேனில் ராமேசுவரம் போய்விட்டு வந்ததிலிருந்து நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று என்னைத் திண்டுக்கல் வரை கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்துப் பார்த்தாய். அன்றைக்கு உனக்கு இரண்டு டூரிஸ்ட் சவாரி இருந்தது. இரண்டையும் வேண்டாம் என்றுவிட்டு வந்தாய். டாக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வயசாகுதுல்ல, வேற ஒண்ணுமில்ல" என்றார். திரும்பி மலையேறும்போது காரை ஓரமாக நிறுத்திக் கேட்டாய். "ஏம்மா, அங்க என்னதான் நடந்துச்சு? வேன்ல வந்தவங்க யாரும் எதுவும் சொன்னாங்களா?" நான், "ஒண்ணுமில்லப்பா, அலைச்சல்" என்றேன். அது பொய். அதற்குப் பிறகு மூன்று தடவை உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். மூன்று தடவையும் தண்ணீர் கொண்டுவா, கதவைச் சாத்து என்று வேறெதையோ சொன்னேன். வாயால் முடியாது என்று தெரிந்துவிட்டது. பள்ளிக்கூட விடுதியில் முப்பது வருடம் பிள்ளைகளின் துணிமணிகளைப் பார்த்துக்கொண்ட வேலையில், அங்கே வரும் வாரப் பத்திரிகைகளை ஒன்றுவிடாமல் படித்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எழுத மட்டும் வரும். அதனால் எழுதுகிறேன்.

உன் தாத்தா பெயர் லிங்கம் இல்லை. அவர் இலங்கையில் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தார், நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே காய்ச்சலில் இறந்துபோனார் என்று உனக்குச் சொன்னதெல்லாம் என் மாமா சொல்லிக்கொடுத்த கதை. நான் பிறந்தது கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், புறக்கோட்டைச் சந்து ஒன்றில், ஒரு துணிக்கடையின் மாடியில். அந்தக் கடை என் அப்பாவுடையது. அவர் சீனாவிலிருந்து வந்தவர். அவர் பெயர் லின் என்று தொடங்கும். முழுப் பெயர் மூன்று சத்தம் கொண்டது. அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சொல்லியும் காட்டியிருக்கிறேன். இப்போது முதல் சத்தம் மட்டும் நிற்கிறது, மற்ற இரண்டும் எனக்கு மறந்துவிட்டன. தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லாததால் யாரிடமும் கேட்கவும் முடியாது.

வெள்ளைக்காரர் காலத்தில், பத்தொன்பது வயதில், ஒரு சிற்றப்பாவோடு கப்பலேறி வந்தவர் அவர். ஊரில் மழை பொய்த்து, வீட்டில் இருந்த வாய்களுக்குச் சோறு போதாமல் போனதால் அனுப்பினார்களாம். துணி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு, முழக்கோலைக் கையில் ஊன்றிக்கொண்டு, மலைத் தோட்டங்களுக்கு நடந்தே போவாராம். துரைமார் பங்களாக்களின் பின்வாசலில் நின்று துரைசானிகளுக்குப் பட்டும் லேசும் காட்டுவார். அது முடிந்து தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போய்க் கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு வாயில் என்கிற மெல்லிய பருத்திச் சேலைகளை விரிப்பார். தமிழும் சிங்களமும் அந்தப் பாதைகளில்தான் அவருக்கு வந்தன. பிறகு சைக்கிள், அதற்குப் பிறகு கடை. கடை என்றால் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டும், அவ்வளவு அகலம். கப்பலில் இருந்து ஒரு நாள் இறங்கி ஊர் பார்க்க வருகிறவர்கள் பூவேலை செய்த மேசை விரிப்புகளை வாங்கிப் போவார்கள். உலகச் சண்டை வந்தபோது அந்தக் கப்பல்கள் நின்றன, ஊரிலிருந்து கடிதங்களும் நின்றன. சண்டை ஓய்ந்த பிறகு அவருடைய நாடே வேறு நாடாகிவிட்டது என்று சொல்வார். அவருடைய அப்பா, அம்மா இறந்த செய்தி இரண்டு வருடம் கழித்து யார் மூலமாகவோ வந்ததாம். அதைச் சொல்லும்போதும் கையில் துணியை மடித்துக்கொண்டேதான் இருப்பார்.

என் அம்மா அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். சம்பளச் சனிக்கிழமைகளில் சேலை கொண்டுவருகிறவரோடு ஒரு நாள் ரயிலேறிப் போய்விட்டாள். அவருக்கு அவளைவிட இருபது வயதுக்கு மேல் கூடுதல். ஆனாலும் முறைப்படி தாலி கட்டினார், கட்டச் சொல்லிக் கேட்டது அவர்தான் என்று அம்மா சொல்வாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடையில் என்னை உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்வார். கையில் ஒரு துணியை வைப்பார். "இது என்ன, சொல்லு." நான் விரலால் தேய்த்துப் பார்த்து வாயில் என்பேன், சாட்டின் என்பேன். சரியாகச் சொன்னால் பக்கத்துக் கடைக் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, "என் பொண்ணு கை பாரு, கை பாரு" என்பார். என்னைப் பற்றி அவ்வளவு பெருமையாக அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. உன் அப்பா நல்லவர்தான், ஆனால் பேச்சில்லாதவர்.

எனக்கு எட்டு வயது நடக்கும்போது வெளிநாட்டுத் துணி வருவதை அரசாங்கம் நிறுத்தியது. அலமாரிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அவருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. வருடா வருடம் ஆபீசில் போய் நின்று, இன்னொரு வருடம் இருக்கலாம் என்று ஒரு முத்திரை வாங்கி வருவார். அம்மாவுக்கும் இல்லை. தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தம் வந்து, பெயர் பதியத் தொடங்கியதும் என் மாமா கொழும்புக்கு வந்தார். அப்பாவிடம் நேராகவே பேசினார். "நாங்க எல்லாரும் போறோம். தங்கச்சியையும் புள்ளையையும் என் குடும்பத்தோட எழுதிர்றேன். ஆனா சீனாக்காரரு பொண்டாட்டின்னு எழுதினா இந்தியாக்காரன் எடுக்க மாட்டான். இப்பத்தான் அவனுக்கும் உங்களுக்கும் சண்டை நடந்து முடிஞ்சிருக்கு." அப்பா கேட்டார், "அப்ப என்ன எழுத?" மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "புருசன் செத்துட்டான்னு எழுதணும்."

அம்மா அழுதாள், முடியாது என்றாள். மூன்றாம் நாள் அப்பா கடையைப் பாதி சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். எனக்கு அப்போது பதினொரு வயது. "ஆபீசர் கேப்பான். உங்க அப்பா எங்க?" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். "சொல்லு. அப்பா இல்ல. செத்தது." நான் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். நான் முனகினேன். "சத்தமா சொல்லு. அழாம சொல்லு. நீ அழுதா அவனுக்குத் தெரியும்." எத்தனை தடவை சொல்லவைத்தார் என்று நினைவில்லை. கடைசியில் ஒரு தடவை தடுமாறாமல், அவர் கண்ணைப் பார்த்தே சொன்னேன். அவர் தலையாட்டி, "நல்லது" என்றார். இரண்டு வருடத்தில் தானும் வந்துவிடுவதாகச் சொன்னார். அம்மாவின் தாலியைக் கழற்றியதும் அவர்தான். அவள் கை அதைத் தொட மாட்டேன் என்றது. அவர் துணி மூட்டையின் முடிச்சை அவிழ்க்கிற மாதிரி மெதுவாக அவிழ்த்து, ஒரு பட்டுத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்துக்கு வந்தார், ஆனால் எங்களோடு நிற்கவில்லை. யாரோ மாதிரித் தூரத்தில் ஒரு தூணோரம் நின்றார். நான் கையசைக்கக் கூடாது என்று மாமா சொல்லியிருந்தார். அசைக்கவில்லை.

மண்டபத்துக் கேம்பில் நாங்கள் இறங்கியபோது அதிகாரி கேட்டார், நான் சொன்னேன். அப்பா பெயர் என்ன என்றதற்கு லின் என்று என் வாயில் வந்தது. மாமா இடையில் புகுந்து, "லிங்கம், லிங்கம்" என்றார். நீ தை அமாவாசைக்குத் தண்ணீர் விடுகிறாயே, அந்தப் பெயர் அப்படித்தான் பிறந்தது.

மாமா எங்களைக் கொடைக்கானல் மலைக்குக் கொண்டுவந்தார். இங்கே மரம் வெட்டவும் தோட்ட வேலைக்கும் ஆள் தேவைப்பட்டது. அம்மா இந்த ஊரில் தாலியறுத்தவளாகவே வாழ்ந்தாள். கல்யாண வீடுகளில் அவளைப் பின்கட்டில் உட்காரவைப்பார்கள், வளைகாப்புக்குக் கூப்பிட மாட்டார்கள். புருசன் அங்கே கடை திறந்துகொண்டிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தமிழ் எழுத வராது. பக்கத்துக் கடைக் கணக்குப்பிள்ளையை வைத்து எழுதி அனுப்புவார். இந்தியாவுக்கு வர அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரும் என்பதுதான் ஒவ்வொரு கடிதத்திலும். மூன்றாவது வருட அடைமழையில் அம்மாவுக்கு நெஞ்சுச்சளி கட்டி, ஒரு வாரத்தில் போய்விட்டாள். அதை நான்தான் அவருக்கு எழுதினேன். கல்யாணம் வரைக்கும் அவர் கடிதங்களுக்குப் பதில் போட்டேன். கல்யாணமானதும் நிறுத்திவிட்டேன். உன் அப்பா பேத்துப்பாறையில் சொந்த நிலம் இருந்த குடும்பம், வத்தலக்குண்டுச் சந்தைக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவராகவே கேட்டு என்னைக் கட்டினார். உன் அப்பத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. 'அகதி வீட்டுப் பொண்ணு' என்றுதான் கடைசி வரை என்னைச் சொன்னார். அந்த வீட்டில் இன்னும் ஒன்றைச் சொல்லித் தாங்க எனக்குத் தெம்பில்லை. காகிதத்தில் பொய் சொன்னது தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உனக்கு நான்கு வயது. மார்கழி மாதம், மத்தியான நேரம். மலைவாழைத் தோட்டத்து வழியாக ஒரு கிழவர் ஏறி வந்தார். யாரோ கொடுத்த பெரிய சட்டை, தோளில் ஒரு பை. நான் களத்தில் பீன்ஸ் பிரித்துக்கொண்டிருந்தேன், உன் அப்பத்தா பக்கத்தில் இருந்தார். தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கொழும்பில் தமிழர் கடைகளைக் கொளுத்திய அந்த ஆடி மாதத்தில் அவர் கடையும் சேர்ந்து எரிந்துபோயிருந்தது. அப்பா கணக்குப்பிள்ளையின் குடும்பத்தோடு மன்னாருக்குப் போய், அவர்களோடேயே படகேறி, அகதியாக மண்டபத்துக்கு வந்திருந்தார். எழுபதைத் தாண்டிய ஒரு சீனர், தமிழ் அகதிகள் நடுவில். மூன்று நாள் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, என் பழைய கடித உறையில் இருந்த விலாசத்தைக் காட்டிக் காட்டி, என்னைக் கட்டிக்கொடுத்த இடத்தையும் விசாரித்து வந்து சேர்ந்துவிட்டார்.

உன் அப்பத்தா கேட்டார், "யாருத்தா இவரு?"

நான் வாயைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார், உன் அப்பத்தாவைப் பார்த்தார், என் காலைக் கட்டிக்கொண்டு நின்ற உன்னைப் பார்த்தார். பிறகு கும்பிட்டுச் சொன்னார், "நான் இந்தப் புள்ளைக்கு அப்பா கூட்டாளி. கொழும்புல தெரிஞ்சவர். சும்மா பாத்துப் போக வந்தது." உன் அப்பத்தா, "அப்பிடியா, உக்காருங்க. ஏத்தா, காப்பி போடு" என்றார். நான் உள்ளே போய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பொய்யைச் சொல்லும் பாரத்தை அவர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்பது புரிந்தது. எனக்கு அப்போது வந்தது நன்றி இல்லை, நிம்மதி. அந்த நிம்மதிக்காகத்தான் என்னை நான் மன்னிக்கவில்லை.

இரண்டு நாள் இருந்தார். நீ அவர் மடியிலேயே கிடந்தாய். உன் கையில் தன் சட்டை நுனியை வைத்து, "இது என்ன, சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நீ "சட்டை" என்று சிரித்தாய். உனக்கு நினைவிருக்க நியாயமில்லை. கிளம்புகிற அன்று காலையில், கிணற்றடியில் நானும் அவரும் மட்டும் இருந்தபோது அவர் ஒன்று கேட்டார். வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். "கேம்ப்ல சொந்தக்காரர் வந்து கையெழுத்து போட்டா வெளிய விடுறாங்க. நீ வந்தா போதும். இங்க இருக்க மாட்டேன், பயப்படாத. கொடைக்கானல் டவுன்ல எங்கயாவது சின்ன ரூம் பாத்துக்குவேன். துணி தைக்கத் தெரியும்." நான், "பொங்கல் முடிஞ்சு வரேன்ப்பா" என்றேன். அப்பா என்று கூப்பிட்டது அந்த இரண்டு நாளில் அந்த ஒரு தடவைதான், அதுவும் யாருக்கும் கேட்காத குரலில். உன் அப்பா அவரை லாரியில் வத்தலக்குண்டு வரை கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தவர் சொன்னார், "பெரியவரு அப்பிடியே உன்னய மாதிரி சிரிக்காரு." நான் குழம்பை ஊற்றினேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எதும் சொல்லணும்னா சொல்லு. எங்கிட்டச் சொல்லலாம்" என்றார். நான், "என்னத்தச் சொல்ல, சாப்பிடுங்க" என்றேன். அவர் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அந்த மனிதர் சாகும்வரை காத்திருந்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. உனக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்தி இதுதான். உன் பெண்டாட்டி உன்னிடம், சொல்லு என்று கேட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. மறுநாள் அது இரண்டு மடங்கு கனமாகிவிடும்.

பொங்கல் வந்தது, போனது. நான் போகவில்லை. உனக்கு அம்மை போட்டது, பிறகு பூண்டு அறுப்பு, பிறகு உன் அப்பத்தாவுக்குக் கால் முறிந்தது. காரணங்கள் எல்லாம் நிசமானவை. ஆனால் காரணம் இல்லாமல் இருந்த நாட்களும் இருந்தன, அந்த நாட்களிலும் போகவில்லை. இரண்டு வருடம் கழித்துக் கணக்குப்பிள்ளையிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பெரியவர் காலமாகிவிட்டார், உறவினர் யாரும் வராததால் கேம்ப்காரர்களே அடக்கம் செய்தார்கள் என்று எழுதியிருந்தது. அதை நான் அடுப்பில் போட்டேன். அன்றைக்கு வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகள் உன்னைச் சைனாக்காரன் என்று கூப்பிட்டதாக அழுதுகொண்டு வந்தாய். "நாம யாரும்மா?" என்று கேட்டாய். நான் உன் கன்னத்தில் அறைந்தேன். ஏன் அடித்தேன் என்று உனக்கு அன்றைக்கும் புரிந்திருக்காது, பிறகும் புரிந்திருக்காது. கொரோனா சமயத்தில் செக்போஸ்டில் யாரோ உன் முகத்தைப் பார்த்துவிட்டு, வந்த ஊருக்கே திரும்பிப் போ என்று கத்தினானே, அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றாய். நாற்பது வயது ஆள். "ஏம்மா என் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாய். நான், "மலைக்குளிர்ல பொறந்தா அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். உனக்கு அன்றைக்குப் பதில் சொல்லியிருந்தால் உன்னைத் திட்டியவனுக்கு நீ பதில் சொல்ல முடிந்திருக்குமா, அல்லது இன்னும் கூடுதலாக வலித்திருக்குமா, எனக்குத் தெரியவில்லை. நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் உன்னிடமிருந்து அவரை மறைத்தேன் என்று சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லை. என்னைத்தான் மறைத்துக்கொண்டேன்.

இனிப் போன மாதத்துக்கு வருகிறேன். ராமேசுவரம் போகிற வழியில் மண்டபத்தில் வேன் டயர் பஞ்சராகி நின்றது. டிரைவர் ஒரு மணி நேரம் ஆகும் என்றார். மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். நான் கேம்ப் பக்கம் நடந்தேன். இத்தனை வருடம் கழித்தும் அங்கே சனங்கள் இருக்கிறார்கள். ஓர் ஓட்டு வீட்டு வாசலில் என்னைவிட மூத்த அம்மா ஒருவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ரொம்ப காலத்துக்கு முன்னால் இங்கே ஒரு சீனர் இருந்தாரா என்று கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். "சீனத்து ஐயாவோ? ஓம், இருந்தவர். எங்கட பிள்ளையளுக்கெல்லாம் அவர்தான் சட்டை தைச்சுத் தந்தவர்." எங்கே புதைத்தார்கள் என்று கேட்டேன். கடல் பக்கமாகக் கை காட்டினார். "அந்த மணலுக்குள்ளதான். இப்ப அடையாளம் ஒண்டும் இல்லை. தண்ணி எத்தனையோ தரம் ஏறி இறங்கிட்டுது."

நான் திரும்பியிருக்கலாம். அவரே பேசத் தொடங்கினார். "அவருக்கு மலையில ஒரு மகள் இருந்தவ. நல்ல பிள்ளை. தகப்பனைக் கண்ட உடனே எல்லாருக்கு முன்னாலயும் அப்பா எண்டு ஓடி வந்து கட்டிப் பிடிச்சவவாம். கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போக இஞ்சயும் வந்தவவாம். இவர்தான் போகேல்லை. மலைக்குளிர் எனக்கு ஒத்துவராது, நான் இஞ்ச கடலுக்குக் கிட்ட இருக்கிறன் எண்டு அவவைத் திருப்பி அனுப்பினவராம். நாங்கள் எத்தனையோ தரம் ஏசியிருக்கிறம், ஏன் ஐயா அந்தப் பிள்ளையைத் தவிக்க விடுறீங்கள் எண்டு." அவர் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார். "நீங்கள் ஆரம்மா? அவருக்குச் சொந்தமோ?"

நான் சொன்னேன், "இல்லங்க. கொழும்புல தெரிஞ்சவங்க."

"அப்ப அந்த மகளை எங்கயாவது கண்டால் சொல்லுங்கோ. மனுசன் கடைசி வரைக்கும் அவவைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை."

சொல்கிறேன் என்றேன். எழுந்து வந்து வேனில் ஏறினேன். ராமேசுவரத்தில் எல்லோரும் கடலில் இறங்கினார்கள், நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அந்த வாசலில் எனக்கு யாரைப் பார்த்தும் பயமில்லை. மாமா இல்லை, உன் அப்பத்தா இல்லை, அதிகாரி இல்லை. என் முன்னால் இருந்தவர் ஒரு கிழவி. நான்தான் அந்த மகள் என்று சொல்லியிருந்தால் அவர் என்னைத் திட்டியிருப்பார், அல்லது கூட உட்கார்ந்து அழுதிருப்பார். அறுபத்தேழு வயதில் அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. இத்தனை வருடமாகப் பயத்தால் பொய் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். பயம் எப்போதோ போய்விட்டது. பொய் மட்டும் இருக்கிறது.

இதைப் படித்து முடித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். உன் மகள் விடுமுறைக்கு வரும்போது அவளிடம் நீயே சொல். நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதே. என்னிடம் வந்து, இது உண்மையாம்மா என்று மட்டும் கேட்காதே ராசா. நீ கேட்டால், இல்லை, ஏதோ உடம்பு முடியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். எழுதியிருப்பதை நம்பு. நான் வாயால் சொல்வதை நம்பாதே.

அம்மா